தென்னைக்கு வைத்த உப்பு

ஆடி வெள்ளி என்றாலே சுகுணாவுக்கு முதல்நாளிலிருந்தே பரபரப்புதான். முத்துமாரியம்மன் கோயில் கூழுக்கு அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் போகவேண்டும். மாமனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, எங்கெங்கோ அலைக்கழிந்து, கடைசியில் அந்தமானில் பெரார்கஞ்சைத் தாண்டி இந்தக் காட்டோரத்தில் வந்து நின்ற ஜனங்கள் அவர்கள். வந்த புதிதில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. மாமனார் வெட்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியும் பயத்தில் ஒருவரும் தொடவில்லை. அந்த மனுஷன் குடத்தோடு அம்மன் முன்னால் போய் நின்று, எல்லாரும் பார்க்க ஒரு கை அள்ளிக் குடித்தார். அதற்கப்புறம்தான் ஊர் குடித்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் கூழுக்கு உலை வைக்கும் முன்னால் கிணற்று வீட்டு ஆண்பிள்ளை முதல் கை குடித்துக் காட்டவேண்டும். இப்போது அது சுகுணாவின் கணவன் முருகானந்தத்தின் பொறுப்பு.

மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். மலைக்கு அந்தப் பக்கம் கேஸ் எடுக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சோதனைக் கிணறு போட வந்தார்கள். மகன் ஹரிஹரனுக்கு அங்கே டாங்கர் லாரிகளைப் பார்த்து அனுப்புகிற வேலை கிடைத்தது. போர்ட் பிளேர் ஷாதிபூரிலிருந்து மருமகளாக வந்த உமா மகேஸ்வரி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, போன வாரம் டாக்டரிடம் போனார்கள். “சோப்பை மாத்துங்க” என்று அனுப்பிவிட்டார். மாற்றிப் பார்த்தாயிற்று. தடிப்பு போகிற வழியாக இல்லை.

மழை விட்டிருந்த காலை. சுகுணா தலைக்குக் குளித்து, பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் பூசி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவளுக்கு முன்பே யாரோ வாளி இறக்கித் தண்ணீர் சேந்தியிருந்தார்கள். வாழை மரத்தடியில் காக்கைகள் கூட்டமாக எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

“ச்சூ… போ” என்று விரட்டிக்கொண்டே கிட்டே போனாள். புதிதாகக் கொத்தி மூடிய மண். காக்கைகள் அதைக் கிளறி வைத்திருந்தன. உள்ளே மீன்கள். கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று போன வருஷம் அவளே கிணற்றில் விட்ட கெண்டைக் குஞ்சுகள். இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தன. அத்தனையும் வாய் திறந்து செத்துக் கிடந்தன.

சுகுணா குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு மீனை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். உமா அப்போதுதான் எழுந்து சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

“குடிக்காத. கீழ வை.”

“என்ன அத்தை?”

“கிணத்து மீனு எல்லாம் செத்துப் போச்சு. யாரோ வாழைக்கடியில பொதைச்சு வச்சிருக்காங்க. யாரென்ன யாரோ, உங்க மாமாதான்.”

உமா மீனைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அத்தை… நேத்து சாப்பிடும்போது மாமா சொன்னாரே. ‘இந்த வருஷம் தென்னைக்கு உப்பு நான் வாங்கல, வீட்டு வாசலுக்கே வந்துடுச்சு’ன்னு. எங்கேருந்து வந்துச்சாம்?”

“எனக்கென்ன தெரியும்? கடைக்காரன் காடி வண்டியில அனுப்பியிருப்பான்.”

“இல்ல அத்தை. எனக்கு வேற என்னவோ தோணுது.” உமா தடித்த கையைத் தடவிக்கொண்டே பேசினாள். “உங்க மகன் ஒருநாள் சொன்னாரு. அங்க பாறைக்குள்ள தண்ணியையும் மணலையும் என்னென்னமோ மருந்தையும் சேர்த்து ரொம்ப ஃபோர்ஸா அடிப்பாங்களாம். பாறை வெடிச்சுத்தான் கேஸ் வருமாம். அடிச்ச தண்ணி திரும்ப மேல வரும்போது கடல் தண்ணியைவிட உப்பா இருக்குமாம். அவங்க கலந்த மருந்தும் அதுல இருக்கும், பாறைக்குள்ள கெடந்த விஷமும் சேர்ந்து வரும். கையுறை இல்லாம யாரும் தொடக்கூடாதுன்னு கேம்ப்ல போர்டே வச்சிருக்காங்களாம். அந்தத் தண்ணியைத்தான் டாங்கர்ல ஏத்துறாங்க.”

சுகுணா அந்தச் சொம்பையே பார்த்தாள். அவள் நினைப்பெல்லாம் வேறொன்றில் போய் நின்றது. இந்தப் பெண் ஷாதிபூரிலிருந்து வந்தபோது பைப் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்துக்கொண்டிருந்தாள். “பிள்ளைத்தாச்சிக்கு நம்ம கிணத்துத் தண்ணிதான் அமிர்தம். பச்சையாக் குடி, பிள்ளை கொழுகொழுன்னு பொறக்கும்” என்று சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்தது யார்? இவள்தான். இந்தக் கைதான். 

“இரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்கு ஓடினாள்.

தோப்பு கிணற்றுக்கு மேட்டுப்புறம். முருகானந்தம் மண்வெட்டியோடு தென்னம்பாத்திகளின் கரையை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திகளில் தண்ணீர் தேங்கி நின்றது. மேலே எண்ணெய் சிந்தினாற்போல் வர்ணம் வர்ணமாக ஓர் ஆடை. மழை மாதத்தில் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கவேண்டிய புல், வெந்நீர் ஊற்றியதுபோல் வெந்து கிடந்தது. கரை உடைந்த ஒரு பாத்தியிலிருந்து வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சுகுணா பார்த்தாள். கிணற்றுப் பக்கம்தான்.

“கம்பெனி டாங்கர் தண்ணியை இங்க ஊத்தச் சொன்னது யாருங்க?”

முருகானந்தம் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நேருக்கு நேர் கேட்டால் மறைக்கத் தெரியாத மனுஷன். “நான்தான்.”

“ஏன்?”

“ஏன்னா? அந்த டிரைவர் ரோட்டோரமா எங்க காலி பண்றதுன்னு முழிச்சிக்கிட்டு நின்னான். என்னாப்பா இதுன்னேன். ‘நமக் கா பானி’ன்னான். உப்புத் தண்ணியாம். ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்புன்னா உப்பு, அப்படி ஒரு உப்பு. வருஷா வருஷம் தென்னைக்கு உப்பு வைக்கிறோமா இல்லையா? எங்கப்பா வச்சாரு, நானும் வைக்கிறேன். பெரார்கஞ்சுல மூட்டை வாங்கித் தூக்கிச் சுமக்குறதுக்கு, சும்மா வர்றதை வேணாம்பானா? ஊத்திட்டுப் போடான்னேன். ஆனி பொறந்ததிலேருந்து ராத்திரியில அப்பப்ப வந்து ஊத்திட்டுப் போறான்.”

சுகுணாவால் உடனே கோபப்படக்கூட முடியவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? தென்னைக்கு உப்பு வைப்பது ஊரறிந்த விஷயம். அந்த டிரைவர் அவளிடம் கேட்டிருந்தால் அவளும்தான் தலையை ஆட்டியிருப்பாள்.

“மீனைப் பொதைச்சதும் நீங்கதானே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “புதுத்தண்ணி இறங்கினா மீன் சாகுறது உண்டு.”

“அப்புறம் எதுக்கு விடியறதுக்குள்ள ஒளிச்சுப் பொதைச்சீங்க?”

அவர் கரையில் மண்ணை அள்ளிப் போட்டார். உமா சொன்னதையெல்லாம் சுகுணா கொட்டித் தீர்த்தாள். மருந்து, பாறைக்குள் கிடந்த விஷம், கையுறை, போர்டு. கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. ஆனால் ஆண்பிள்ளை வீம்பு அவ்வளவு லேசில் விடுமா?

“இந்தா, சும்மா இரு. நான் நாக்குல வச்சேன், செத்தா போனேன்? இன்னிக்கு கோயில்ல நான் முதல் கை குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பண்டிகை நாளும் அதுவுமா எங்கப்பா வெட்டுன கிணத்தைப் பத்தி நீயே வாயைத் தொறக்காத. அவரு பேரு கெட்டுச்சுன்னா நான் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது.”

சொல்லிவிட்டு விடுவிடென்று கிணற்றடிக்கு நடந்தார். மஞ்சள் பூசிய குடத்தை அவரே நிரப்பினார். அவரே தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சுகுணா பின்னாலேயே போனாள். வழியெல்லாம் அவர் காலைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள். எத்தனை வருஷத்து மனுஷன். ஊர் முன்னால் அவரை எப்படி விட்டுக்கொடுப்பது? விட்டுக்கொடுக்காமல் இருந்தால் அத்தனை பிள்ளைகளும் அந்தக் கூழைக் குடிக்குமே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

கோயில் முன்னால் அடுப்பு மூட்டியாகிவிட்டது. கேழ்வரகு மாவு கரைத்து வைத்திருந்தார்கள். வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு என்று ஒரு பக்கம் வாசனை. கூழ் காய்ச்சுவதில் ஒச்சம்மாதான் தலைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பேத்தி முன்வரிசையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தது. குழந்தையின் காலெல்லாம் சிரங்கு.

கோயில் தலைவர் கோவிந்தராஜ் கையைத் தட்டினார். “அரே, பேச்சை நிறுத்துங்கப்பா. முருகானந்தம், வாங்க. முதல் கை குடிங்க, உலை வைப்போம்.”

உடுக்கைச் சத்தம் நின்றது. முருகானந்தம் குடத்தை அம்மன் முன்னால் இறக்கினார். வலது கையைக் குவித்தார். கோவிந்தராஜ் அதில் தண்ணீரைச் சாய்த்தார். கை வாய்க்குப் போகவேண்டும். பாதி வழியில் நின்றது. அவர் கண் ஒச்சம்மா பேத்தியின் காலில் இருந்தது.

“குடிக்காதீங்க” என்றாள் சுகுணா.

கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. கோவிந்தராஜ் முகம் சுளித்தார். “என்னம்மா இது, அம்மன் முன்னால?”

“அம்மன் முன்னாலதான் சொல்றேன். இந்தத் தண்ணியில உலை வைக்காதீங்க. கம்பெனித் தண்ணி எங்க தோப்புல ஊத்தி, கிணத்துல இறங்கிடுச்சு. யாரும் குடிக்காதீங்க, இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவும்.”

  கணவன் திரும்பித் தன்னை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள் சுகுணா.

முருகானந்தம் திரும்பவில்லை. குவித்த கையை மெல்ல விரித்தார். தண்ணீர் மண்ணில் விழுந்தது.

“அவ சொல்றது நெசம். மீனெல்லாம் செத்துக் கிடந்துச்சு. நான்தான் பொதைச்சேன். உப்புத் தண்ணிதானேன்னு தென்னைக்கு ஊத்தச் சொன்னதும் நான்தான்” என்றார்.  “தெரியாமப் பண்ணிட்டேன் சாமி.”

அவ்வளவுதான், நாலா பக்கமும் சத்தம். எங்கள் வீட்டில் சோறு ஒருமாதிரி வாடை அடித்ததே என்றாள் ஒருத்தி. எங்கள் வீட்டில் சோப்பு நுரைக்கவே இல்லை என்றாள் இன்னொருத்தி. தலைவலி, வாந்தி என்று ஆளுக்கொன்று ஞாபகம் வந்தது. இளவட்டங்கள் கேம்ப்புக்குப் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று கட்டையைத் தூக்கினார்கள். ஒச்சம்மா மட்டும் சத்தம் போடவில்லை. நேராக சுகுணாவிடம் வந்தாள்.

“ஆனி மாசத்திலேருந்தாடி?”

“ஆமாக்கா.”

“எம்பேத்திக்குச் சிரங்குன்னு வேப்பிலை அரைச்சுப் போட்டு, உன் கிணத்துத் தண்ணியிலதானேடி தெனமும் குளிப்பாட்டினேன். பைப் தண்ணி ஆகாதுன்னு இங்க வந்து குடம் குடமாத் தூக்கிட்டுப் போனேனேடி.”

சுகுணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.  ஒச்சம்மா கையை உதறிக்கொண்டு பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் கோவிந்தராஜ்தான் கூட்டத்தை அடக்கினார். “கேம்ப்புக்கு எல்லாரும் சேர்ந்து போவோம், நாளைக்கு. தண்ணியைச் சோதிக்கச் சொல்லி ஆபீசுக்கும் போவோம். இன்னிக்கு அம்மன் பட்டினி கிடக்கக்கூடாது. அடுப்பு எரிஞ்சுகிட்டு இருக்கு, பிள்ளைங்க பசியோட உட்கார்ந்திருக்கு. காலையில வந்த பைப் தண்ணி கோயில் டாங்கில ரொம்பியிருக்கு. அதுல காய்ச்சுங்க. பஸ், போதும், பேச்சு முடிஞ்சுது.”

டாங்க் குழாயைத் திறந்து அண்டாவை நிரப்பினார்கள். பைப் தண்ணீருக்கு முதல் கை குடித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது மேலே நாலா என்கிற காட்டோடையிலிருந்து வருகிற கவர்மென்ட் தண்ணீர். அந்த ஓடைக்கு எந்த வீட்டுக்காரன் வந்து நிற்பான்?

கூழ் வெந்தது. சுகுணா ஓர் ஓரமாக நின்றாள். முருகானந்தம் அதைவிடத் தள்ளி, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. ஊர் இனி தங்களை எப்படிப் பார்க்குமோ என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒச்சம்மா அகப்பையோடு வந்து நின்றாள்.

“வா, நீ ஊத்து.”

“நானா? வேணாங்க்கா.”

“வருஷா வருஷம் உன் வீட்டு ஆளுதான் முதல்ல ஊத்துறது. தண்ணி கெட்டுப்போச்சு, உன் கையுமா கெட்டுப்போச்சு? உண்மையைச் சொன்னவ கைடி அது. பிடி.”

சுகுணா அகப்பையை வாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய ஆறுதல் அன்றைக்கு அவளுக்கு வேறெதுவும் கிடைத்திருக்க முடியாது. உமா மெதுவாக நடந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். “பிள்ளைத்தாச்சிக்கு முதல்ல” என்று ஒச்சம்மாவே ஒரு சொம்பு நிறைய வாங்கி, மோர் விட்டு, வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்து உட்காரவைத்தாள். அப்புறம் பிள்ளைகள் வரிசை. அப்புறம் பெரியவர்கள். சுகுணா ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை வலித்தது. நன்றாக வலிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

பாதி அண்டா காலியானபோது மோட்டார் பைக் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. ஹரிஹரன். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனிச் சட்டையோடு, பூட்சைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“அம்மா, வழியில சொன்னாங்க. நம்ம கிணத்துத் தண்ணியில கூழ் காய்ச்சலையே?”

“இல்லப்பா. பைப் தண்ணிதான். கோயில் டாங்கில காலையில பிடிச்சது.”

நிம்மதியாகப் பெருமூச்சு விடுவான் என்று நினைத்தாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அண்டாவைப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தான். உமாவின் கையிலிருந்த சொம்பைப் பார்த்ததும் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா?”

“மழையில, கேம்ப்ல அந்தத் தண்ணியைத் தேக்கி வச்சிருந்த குட்டை ரொம்பி வழிஞ்சிடுச்சும்மா. விடியறதுக்குள்ள காலி பண்ணுன்னு மேனேஜர் சாப் கத்துனாரு.” அவன் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பா தோப்புல இனி இடம் இல்ல. எங்க அனுப்புறதுன்னு தெரியல. ராத்திரி டாங்கரை எல்லாம்… மேல நாலாவுக்கு அனுப்பிட்டேன்.”

“அப்பா தோப்புல இடம் இல்லைன்னா?” உமா எழுந்து வந்திருந்தாள். “அப்ப அங்க ஊத்துறது உங்களுக்குத் தெரியும்.”

“உமா…”

“கையுறை இல்லாமத் தொடக்கூடாதுன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் குடிக்கிற தண்ணியில கலக்குதுன்னு சொல்லல.”

“கிணறு வரைக்கும் வரும்னு நினைக்கலம்மா, சத்தியமா.” பெண்டாட்டிக்குச் சொல்லவேண்டியதை அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். சட்டென்று சுகுணாவின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினான். “அம்மா, இங்க ஒண்ணும் சொல்லாத. நாலாவுல வெள்ளம் ஓடுது, எல்லாம் கலந்து தண்ணியாப் போயிருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சொன்னா அடிச்சே கொன்னுடுவாங்க. போலீஸ், கேசுன்னு போனா கம்பெனி என்னைத்தான் மாட்டிவிடும். பொறக்கப்போற பிள்ளைக்காகவாவது பேசாம இரும்மா.”

சுகுணா மகனையே பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இதே கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். ஒரே பிள்ளை. காலையில் புருஷனை விட்டுக்கொடுத்தபோது, இதற்குமேல் ஒரு வேதனை இருக்காது என்று நினைத்திருந்தாள்.  வரிசையில் அடுத்து நின்ற குழந்தை டம்ளரை நீட்டியது. ஒச்சம்மாவின் பேத்திதான். இரண்டாம் தடவை வாங்க வந்திருந்தது.

சுகுணா அகப்பையை அண்டாவுக்குள் போட்டாள். டம்ளரைக் குழந்தையிடமிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒச்சம்மாக்கா, அண்டாவை மூடுங்க. யாரும் இனி ஒரு வாய் குடிக்காதீங்க. கோவிந்தராஜ் அண்ணே, குடிச்ச பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காடி ஏற்பாடு பண்ணுங்க. என் மருமகளை முதல்ல ஏத்துங்க.”

“ஏன்டி, என்ன ஆச்சு?” ஒச்சம்மா ஓடிவந்தாள்.

சுகுணா மகனின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, படியிலிருந்து எழுப்பி, அம்மனுக்கு நேர் எதிரே, காலையில் அவன் அப்பா நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“சொல்லுடா” என்றாள்.